நிகழ்ச்சி வீட்டுக்கு வந்தது, புத்தகம் வரவில்லை

இன்றோடு தேசிய வாசிப்பு மாதம் முடிகிறது. இந்த 2020இல் ஊர்வலம் இல்லை. பதாகை பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கும் பிள்ளைகள் இல்லை. புத்தகக் கண்காட்சியும் இல்லை. எல்லாம் இணையத்தில் நடந்து முடிந்தன. பேச்சுப் போட்டி வட்ஸ்அப்பில், கதை சொல்லல் முகநூல் நேரலையில், பொது அறிவுப் போட்டி கூகுள் படிவத்தில், பரிசளிப்பு ஸூமில். பத்துக் கேள்விகளுக்கு விடை போட்டால் பெயர் பொறித்த ஈ-சான்றிதழ் வந்துவிடுகிறது. சில பிள்ளைகளிடம் இப்போது இருபது சான்றிதழ்கள் வரை சேர்ந்திருக்கின்றன. இந்த ஏழு மாதத்தில் எத்தனை கதைப்புத்தகம் வாசித்தாய் என்று கேட்டால்தான் பிள்ளை முழிக்கிறது.

நாங்கள் கிழக்கில், கடலுக்கும் வயலுக்கும் நடுவிலுள்ள ஓர் ஊரில் தமிழ்மொழி மூலம் படிப்பிக்கும் ஆசிரியர்கள். நூலகர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறோம், பின்னூட்டத்தில் வந்து சண்டை பிடிக்காதீர்கள். நேரலை செய்வது எப்படி என்று அவர்களுக்கு யாரும் படிப்பித்துக் கொடுக்கவில்லை. சொந்தப் போனில், சொந்தக் காசுக்கு ரீலோட் பண்ணி, கதிரைக்கு மேல் கதிரை வைத்து அதில் போனைச் சாய்த்துத்தான் கதை சொன்னார்கள். அந்த முயற்சிக்கு எங்கள் நன்றி இருக்கிறது. எங்கள் கேள்வி நிகழ்ச்சியைப் பற்றியதல்ல. அந்த நேரத்தில் புத்தகங்கள் எங்கே இருந்தன என்பதுதான்.

புத்தகங்கள் பூட்டிய அறைக்குள் இருந்தன.

மார்ச் 13இல் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி மாலை நாடு முழுக்க ஊரடங்கு. நூலகங்களும் சாத்தப்பட்டன. ஜூன் கடைசியில் ஊரடங்கு முற்றாக நீங்கி, ஓகஸ்ட்டில் பாடசாலைகள் ஒருவாறு நடக்கத் தொடங்கியபோது, எங்கள் பக்கத்து நூலகத்தில் பத்திரிகைப் பகுதி திறந்தது. ஒரு கதிரை விட்டு ஒரு கதிரை. சிறுவர் பகுதிக்குக் குறுக்கே மட்டும் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் கயிறு அவிழ்வதற்குள் ஒக்டோபர் முதல் வாரம் மினுவாங்கொடைக் கொத்தணி வந்தது, மறுபடியும் பூட்டு. கணக்குப் பார்த்தால், தரம் 3இல் படிக்கும் ஒரு பிள்ளை மார்ச் மாதம் எடுத்த புத்தகத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, வேறொன்று எடுக்கவும் இல்லை. அந்த ஒரே புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும்.

இணையத்துக்குப் போனதால் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நாங்கள் எதிர்பாராத நல்லதொன்று நடந்தது.

எங்கள் ஊர்களில் பெண் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதானால் அஸருக்குப் பிறகு நூலகத்துக்கு அனுப்புவது நின்றுவிடும். சட்டம் ஒன்றுமில்லை. பத்திரிகை மேசையைச் சுற்றி ஆண்கள் இருப்பார்கள், வாசலில் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் பிள்ளை வராது. அங்கத்துவ அட்டை தம்பியின் பெயரில் இருக்கும், தம்பி எடுத்து வருவதைத்தான் ராத்தா வாசிக்க வேண்டும். தம்பி கிரிக்கெட் புத்தகம்தான் எடுப்பான். நேரலைக்கு வந்த பெயர்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் பெண்கள். நூலகப் படியை ஒருநாளும் மிதிக்காத உம்மாமார், நோன்பு காலத்தில் கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டே காதால் கேட்டிருக்கிறார்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் வாப்பாமாரும் வந்து ஒரு சலாம் எழுதிவிட்டுப் போனார்கள்.

அப்படியொரு நேரலையின் கீழ் தரம் 9இல் படிக்கும் ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "இந்தப் புத்தகத்த எங்க எடுக்கலாம்?" நூலகத்திலிருந்து வந்த பதில், "இன்ஷா அல்லாஹ், நூலகம் திறந்ததும்." அது மே மாதம். இப்போது ஒக்டோபர்.

இந்தக் கேள்வியையும் பதிலையும் வைத்துத்தான் நாங்கள் இதை எழுத உட்கார்ந்தோம். வாசிக்க விரும்பும் ஒருவர், அதுவும் இதுவரை நூலகம் கண்டுகொள்ளாத ஒருவர், தானாக வந்து கையை நீட்டுகிறார். புத்தகம் இருநூறு மீற்றருக்கு அப்பால் அலுமாரியில் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு பூட்டும் ஒரு வீதியும். அதைக் கடப்பதற்கு இணையம் தேவையில்லை.

பேச்சுப் போட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலைப்பு, வழமைபோல வாசிப்பின் மகத்துவம். மூன்று நிமிட வீடியோ அனுப்ப வேண்டும். வென்ற வீடியோக்களைப் பார்த்தோம். பின்னால் வெள்ளைச் சுவர், தெளிவான ஒலி, பெயர் எழுதி ஓடும் ஆரம்பம். நல்ல போன் உள்ள, அதை வெட்டி ஒட்டத் தெரிந்த நானா ஒருவர் உள்ள, கோழி கூவாத ஒரு அறை உள்ள வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் மேல் எங்களுக்கு வருத்தமில்லை, நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் வருடம் முழுக்கப் புத்தகம் கிடைக்காத பிள்ளைகளிடம் வாசிப்பின் மகத்துவத்தைப் பேசச் சொல்லி அதற்குப் பரிசும் கொடுப்பது, பசித்தவனிடம் சோற்றைப் பற்றிக் கட்டுரை கேட்பது போல இருக்கிறது.

போன் விடயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறோம். கணினியோ மடிகணினியோ உள்ள வீடுகள் நாட்டில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே மேல் என்பது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கு. மீதி எல்லாம் போன். அந்தப் போனும் ஒன்று. "சேர், போன் இவர்ர வாப்பாட கையில. வயலுக்குப் போயிட்டார், இரவைக்குத்தான் வருவார்" என்று எங்களுக்குப் பதில் சொல்லாத உம்மா இல்லை. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் சாதாரண தரம் எழுதப் போகும் பிள்ளைக்குத்தான் போன். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கதை கேட்கக் கிடைக்காது. ஸூமில் ஒரு மணித்தியாலம் இருந்தால் ஒரு ஜீபிக்குக் கிட்டப் போய்விடும். அதே கதையைப் பத்து நிமிடக் குரல் பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு மூன்று எம்பியோடு முடிந்தது, வாப்பா இரவு வந்த பிறகும் கேட்கலாம். இதைச் செய்த நூலகங்கள் குறைவு. காரணம், நேரலைக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அறிக்கையில் எழுதலாம், குரல் பதிவுக்கு எழுத முடியாது.

மின்னூல் கொடுத்தால் என்ன என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் எதைக் கொடுப்பது? ஆங்கிலத்தில் மின்னூல் இரவல் ஒரு பெரிய ஏற்பாடு. எங்கள் பிரதேச சபை நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூலை மின்னூலாக இரவல் எடுக்க எந்த வழியும் இல்லை. நூலகம் டொட் ஓர்க் 2005இலிருந்து செய்துவரும் வேலை பெரிது. ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் இன்று கைக்கெட்டுகின்றன என்றால் அவர்களால்தான். உயர்தர மாணவருக்கும் எங்களுக்கும் அது உதவுகிறது. எட்டு வயதுப் பிள்ளை ஐந்து அங்குலத் திரையில், ஸ்கேன் செய்த பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசிக்காது.

இன்னொரு வழியும் நடந்தது. எங்கள் ஊர் எழுத்தாளர்களின் நூல்களை யாரோ பீடீஎஃப் ஆக்கி வட்ஸ்அப் குழுக்களில் விட்டார்கள், "வாசிப்பை ஊக்குவிப்போம்" என்ற குறிப்போடு. இது சரியில்லை. எங்கள் எழுத்தாளர் என்பவர் பெரும்பாலும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து முந்நூறு பிரதி அச்சடித்து, வெளியீட்டு விழாவில் விற்றது போக மீதியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருப்பவர். அமெரிக்காவில் இன்டர்நெட் ஆர்கைவ், தன் மின்னூல்களை வரிசையில் காத்திருக்காமல் எல்லோரும் எடுக்கலாம் என்று மார்ச் 24இல் திறந்துவிட்டது. நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன, ஜூன் 16இல் அதை மூடிக்கொண்டார்கள். அந்தப் பதிப்பகங்களுக்கு வழக்காட ஆள் இருக்கிறது, எங்கள் கவிஞருக்கு யார் இருக்கிறார்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டால் நேரலையில் வாசிக்க அனுமதி தராத எழுத்தாளர் எங்கள் பகுதியில் இல்லை. இரண்டு பேரிடம் நாங்களே கேட்டோம், இருவரும் தாங்களே வந்து வாசிப்பதாகச் சொன்னார்கள்.

சட்டப்படி இலவசமாக எடுக்கக்கூடியதும் இருக்கிறது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் படங்களோடு கிடைக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டு யாரும் அச்சடிக்கலாம், மாற்றியும் எழுதலாம். அங்கே 'நாற்காலி' என்று வருவதை நாங்கள் 'கதிரை' ஆக்கிக்கொள்ளலாம். நூலகத்தில் ஒரு பிரதியெடுக்கும் இயந்திரம் இருக்கிறது. ஒரு கதையை மடித்து ஊசி போட்டால் எட்டுப் பக்கப் புத்தகம். அது திரையை விட்டு வெளியே வந்து பிள்ளையின் கையில் நிற்கும்.

இனி வீதிக்கு வருவோம்.

ஊரடங்கு காலத்தில் எங்கள் தெருக்களுக்கு என்னென்ன வந்தன என்று நினைத்துப் பாருங்கள். மரக்கறி லொறி வந்தது. மீன்காரர் வந்தார். பீத்தோவனின் மெட்டை வாசித்துக்கொண்டு பாண் ஓட்டோ வந்தது. கிளினிக் நோயாளிகளின் மருந்தை ஆஸ்பத்திரியிலிருந்து தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஐயாயிரம் ரூபாய்க் கொடுப்பனவு கிராம சேவகர் பிரிவு வாரியாக வந்து சேர்ந்தது. பள்ளிவாசல் நிருவாகங்கள் மஹல்லாப் பட்டியலை வைத்து உலர் உணவுப் பொதிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தன. எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குச் சீனி கூடாது என்பது வரை அந்த இளைஞர்களுக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவும் வந்த வீதியில் ஒரு புத்தகப் பெட்டி வர முடியாமல் போனதற்கு எங்களுக்கு நியாயம் விளங்கவில்லை.

இது புதிய யோசனையும் இல்லை. 1931 ஒக்டோபரில் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. நூலகவியல் படித்தவர்கள் எல்லாம் பெயர் சொல்லும் ரங்கநாதன் காலத்து வேலை அது. கென்யாவின் கரிசாவில், அங்கும் எங்களைப் போல முஸ்லிம்கள் நிறைந்த வறண்ட பகுதி, 1996இலிருந்து ஒட்டகத்தின் முதுகில் பெட்டி கட்டிப் புத்தகம் கொண்டுபோகிறார்கள். எங்கள் நாட்டிலும் நடமாடும் நூலகச் சேவை என்று பெயர் எழுதிய வாகனங்கள் உள்ளூராட்சி சபைகளில் இருக்கின்றன. சிலது ஓடுகின்றன. சிலதின் டயரைச் சுற்றிப் புல் முளைத்திருக்கிறது. ஓடும் நிலையிலுள்ளதும் இந்த ஏழு மாதத்தில் தண்ணீர்ப் போத்தல் ஏற்றப் போனதைக் கண்டோம். அந்த வேலையும் தேவைதான், ஆனால் வாரத்தில் ஒருநாள் புத்தகத்துக்கு விட்டிருக்கலாம்.

"புத்தகத்தில் கொரோனா ஒட்டாதா?" என்று ஒரு சபை உறுப்பினர் எங்களிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் நூலக அமைப்புகளும் ஒரு ஆய்வுகூடமும் சேர்ந்து இதைச் சோதித்திருக்கின்றன. ஜூனில் வந்த முதல் முடிவில், புத்தக அட்டையிலும் மூடிய புத்தகத்தின் தாளிலும் மூன்று நாளைக்குப் பிறகு வைரஸைக் காண முடியவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் இன்னும் நாள் பிடிக்கிறது என்று பிறகு வந்த சோதனை சொன்னது. ஆகவே அடுக்காமல் பரப்பி வைத்து, ஒரு வாரம், கூடுதல் பயம் என்றால் இரண்டு வாரம் தனிமைப்படுத்துங்கள். மனிதரையே பதினான்கு நாள் வைக்கத் தெரிந்த நாட்டுக்குப் புத்தகத்தை வைக்கத் தெரியாதா? அங்கே வாசகர் தொலைபேசியில் சொன்னால் புத்தகத்தைப் பையில் போட்டு வாசலில் வைக்கிறார்கள், மூடிய நூலகத்தின் வைஃபையை நிறுத்தாமல் விட்டு வாகனத் தரிப்பிடத்தில் இருந்து பாவிக்க விடுகிறார்கள். எங்கள் நூலகத்திலும் வைஃபை இருக்கிறது. கதவைப் பூட்டும்போது அதையும் நிறுத்திவிட்டுத்தான் போகிறார்கள். வெளியே வேப்ப மரத்தடியில் ஐந்து பிள்ளைகள் இடைவெளி விட்டு உட்கார இடமுண்டு.

இணையத்தால் கொண்டுபோகவே முடியாத ஒன்றும் நூலகத்தில் இருக்கிறது, அது மேசை. இந்த மாதம் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பலருக்கு நூலகத்தின் உசாத்துணைப் பகுதிதான் படிக்கும் அறை. வீட்டில் இரண்டு அறை, ஆறு பேர், ஒரு தொலைக்காட்சி. நூலகத்தில் மின்விசிறியும் வெளிச்சமும் அமைதியும் இலவசம். பரீட்சை மண்டபத்துக்குள் சுகாதார விதிமுறைகளோடு பிள்ளைகளை உட்கார வைக்க முடிந்திருக்கிறது. அதே விதிமுறையோடு பத்துப் பேரை நூலகத்தில் உட்கார வைத்துப் படிக்க விட்டிருக்க முடியாதா? ஊரில் தொற்று இருந்தால் மூடத்தான் வேண்டும், அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஒரு நோயாளியும் இல்லாத வாரங்களிலும் சுற்றறிக்கைக்காகக் காத்திருந்ததைத்தான் சொல்கிறோம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. உள்ளூராட்சி சபைகள் அடுத்த வருடத்துக்கான பாதீட்டைத் தயாரிக்கும் காலம் இது, டிசம்பருக்குள் நிறைவேற்ற வேண்டும். எங்கள் பகுதியில் 'டிஜிட்டல் நூலகம்' என்ற சொல் இப்போதே சபை அமர்வுகளில் அடிபடுகிறது. பெரிய திரை, கமரா, ஸூம் கட்டணம், முகநூல் பக்கத்துக்கு ஆள். நல்லது, வாங்கட்டும். அந்தப் பிள்ளைகளும் உம்மாமாரும் நேரலைக்கு வந்த வழி மூடிப்போகக் கூடாது, கொரோனா போன பிறகும் வெள்ளி இரவுகளில் அது நடக்க வேண்டும் என்றுதான் நாங்களும் கேட்கிறோம். எங்கள் பயம் வேறு. அந்தக் காசு புத்தகக் கொள்வனவிலிருந்தும் நடமாடும் வாகனத்தின் டீசலிலிருந்தும் வெட்டப்பட்டு வரப்போகிறது. "இனி எல்லாம் ஒன்லைன்தானே, புத்தகம் எதற்கு" என்ற பேச்சை ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஆகவே உங்கள் வட்டாரத்து உறுப்பினரைக் கண்டால், கடையிலோ தொழுகை முடிந்து வாசலிலோ, மூன்று விடயம் கேளுங்கள். 2021க்குத் தமிழ்ச் சிறுவர் நூல் வாங்க எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்? நடமாடும் வாகனம் மாதத்தில் எத்தனை நாள் ஓடும், எந்தெந்த வீதிக்கு? பெண் பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே அட்டை எடுத்து வீட்டு வாசலில் புத்தகம் வாங்க என்ன ஏற்பாடு? பதிலைக் கீழே எழுதுங்கள், சபையின் பெயர் வேண்டாம்.

எங்கள் பங்குக்கு, தரம் 1 தொடக்கம் 9 வரை பிள்ளைகளின் பட்டியலை வீதி வாரியாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறோம். என்ன புத்தகம் பிடிக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டு அதையும் பெயருக்கு நேரே குறித்திருக்கிறோம். பேய்க்கதை கேட்டவர்கள்தான் அதிகம். எந்த நூலகர் கேட்டாலும் தருவோம், பெட்டி சுமக்கவும் மூன்று ஆசிரியர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.